மற்றும் ஒருவர்

முதல் அநியாயம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் நடந்தது: ஞானாபரணம் எழுதிய நோட்டீஸை இன்னொருத்தன் தான் எழுதியதாகச் சொன்னான். இரண்டாவது, ஐம்பத்தாறு நவம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம். திருவிதாங்கூரை விட்டுத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டோம் என்று ஊரே வெடி போட்ட அன்றைக்கு, மறியல் நாளில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் எல்லாம் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஜெயிலுக்குப் போய்வந்த ஞானாபரணத்தின் கையில் மைக்செட்டின் ஒயர்ச் சுருளைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். மூன்றாவது அறுபத்திரண்டில்: தேர்தலுக்கு இருபத்திரண்டு நோட்டீஸ் எழுதி வாங்கிக்கொண்டு, சீட்டை ரப்பர் தோட்டக்காரரின் மருமகனுக்குக் கொடுத்தார்கள். நான்காவது எழுபத்தைந்தில்: நினைவுத் தூணில் அவருடைய பெயரைச் சாக்கடையைப் பார்த்த பக்கத்தில் வெட்டினார்கள்; சினிமா போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு அன்று முதல் இன்று வரை அந்தப் பக்கம்தான் வாகு. ஐந்தாவது எண்பத்தொன்பதில்: பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு வாசகசாலையில் ஒப்படைத்த நோட்டீஸ் கட்டை அவர்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போட, வடசேரி பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை பொதிந்து வந்த தாளில் அவருடைய வாக்கியமே பாதியாக வந்து நின்றது: "தமிழா, இனியும் உறங்கினால்". ஆறாவது போன வாரம். இணைப்பின் பொன்விழா அழைப்பிதழ் வந்தது. வாழ்த்துரை வழங்குவோர் பதினொரு பேர். அதன் கீழே சின்ன எழுத்தில்: மற்றும் பலர்.

இந்த வரிசை மாறாது. மாற்றிச் சொன்னால் அது புலம்பலாகிவிடும், வரிசையாகச் சொன்னால்தான் சரித்திரம் என்பது ஞானாபரணத்தின் கொள்கை, அறுபத்தொன்பது வயசுக்கு அவரிடம் மிஞ்சியிருக்கிற சில கொள்கைகளில் ஒன்று, ஆனாலும் இன்றைக்குக் காலையில் கார் பார்வதிபுரம் தாண்டும்போது அவரே அதைத் தப்பவிட்டார், "அந்தத் தூணுல எம்பேரு எந்தப் பக்கம் பாத்து இருக்கு தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டார், பின் சீட்டில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டிருந்த லில்லிபாய், "அது நாலாவதுல்லா, மூணு இன்னும் வரல்லியே. வரிசையா சொல்லுங்க, எனக்குக் கொழம்பும்" என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகள் தமிழ்க்கொடி சிரிப்பை அடக்கிக்கொண்டு வைப்பரைப் போட்டாள். தூறல். வேளிமலையின் தலையில் மேகம் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. இன்று பொன்விழா, மைதானத்து ஒலிபெருக்கி வீடு வரைக்கும் கேட்கும், கேட்டால் நீங்கள் நாள் பூராவும் ஒன்றிலிருந்து ஆறு வரை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதைவிட நாலு மலையும் மரமும் பார்த்து நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் இருவரும் அவரைக் கிளப்பியது. லோக்கல் ஹாலிடே. ஸ்கூல் கிடையாது. நல்ல சாப்பாடு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு பழைய போராட்டக்காரன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. வில்லுக்குறி வளைவில் மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, மத்தியானம் பேச்சிப்பாறை ரோட்டுல தவசி பெரியப்பா கடைல. சொல்லி வச்சாச்சு." "வண்டிய நிறுத்து." "பின்னால பஸ் வருதுப்பா." "நிறுத்துன்னு சொன்னேன்." "நிறுத்து மக்களே," என்றாள் லில்லிபாய், "அப்பா எறங்கி நடு ரோட்டுல ஒரு மறியல் பண்ணிட்டு வரட்டு. நாம அதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிரலாம்." வண்டி நிற்கவில்லை. மகள் குலசேகரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தக் கடையில்தான் தினமும் டீ குடிக்கிறாள் என்பதும், "அப்பாவ ஒருநா கூட்டிட்டு வா பிள்ளே" என்று அந்த மனுஷன் நாலு வருஷமாகச் சொல்லியனுப்புகிறான் என்பதும் அவருக்குத் தெரியும். தவசிமுத்து. ஒன்றாம் நம்பர் அநியாயம். அவனுடைய கடைக்கு, அவனுடைய சோற்றுக்கு.

கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொண்டது தெரியாமலே வைத்துக்கொண்டார், ஐம்பத்திரண்டு வருஷமாக அந்தக் கைகள் பயந்தால் அங்கேதான் போய் ஒளிகின்றன, அன்றைக்கும் அங்கேதான் இருந்தன, பத்து விரலிலும் ஊதா மை. பசைத்தட்டில் நகலெடுத்த நோட்டீஸ், ராத்திரி முழுக்க ஒன்றொன்றாய் உரித்து எடுத்தது, முந்நூறு பிரதி, பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்று போன பையனுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்ததே நோட்டீஸ்கள்தான், மதிலிலும் டீக்கடைத் தூணிலும் ஒட்டியிருந்தவற்றை நின்று நின்று வாசித்து வாசித்துத் தானும் ஒன்று எழுதினான், பதினேழு வயசில், முதல் நோட்டீஸ், அதற்கு ஒரு ஸ்டேஷனே கொதித்தது. மறியல் செய்த பதினாறு பேரைப் பிடித்தார்கள். கூட்டத்துக்குப் பக்கத்தில் கிழங்குக் குட்டுவப் பாத்திரத்தை இறக்கி வைத்து அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் விற்றுக்கொண்டிருந்தவனையும் சேர்த்துப் பிடித்தார்கள். அவன் போராளி இல்லை. சந்தாக் கட்டவில்லை, கொடி பிடிக்கவில்லை, எந்த எல்லை எங்கே போனால் என்ன, கிழங்கு ஆறுவதற்குள் விற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் அரசியல். லாக்கப்புக்கு வெளியே வரிசையாக உட்காரவைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் நோட்டீஸைத் தூக்கிக் காட்டிக் கேட்டார், இதை எழுதினது யார், அவன் மட்டும் எழுந்திரு, மற்றவர்களை அடிக்க மாட்டேன். ஒரு மூச்சு. ஞானாபரணம் இரண்டாவது வரிசையில். இரண்டு மூச்சு. எழுந்திருக்கப் போகிறான், முழங்காலுக்குச் சொல்லிவிட்டான், முழங்கால் கேட்கவில்லை, மூன்று, பக்கத்திலிருந்த பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள், யாருக்கும் அவனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை, நான்கு, இதோ எழுந்துவிடப் போகிறான், எழுந்திருப்பான், இன்னும் ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தால் எழுந்திருப்பான், அதற்குள் முன்வரிசையில் கிழங்கு விற்கிறவன் எழுந்து, "நாந்தான் ஏமானே" என்றான். மை எங்கேடா என்று கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அடுப்புக்கரி. கறுப்பும் மைதானே, ராஜ்ஜியத்துக்குக் கறுப்பென்ன ஊதா என்ன, ஒரு கை வேண்டியிருந்தது, ஒரு கை கிடைத்தது. எந்தக் கையால் எழுதினாய் என்று கேட்டுவிட்டு அந்தக் கையை மேஜையில் வைக்கச் சொன்னார்கள்.

"கையக் கக்கத்துல இருந்து எடுங்க. குளுருதா?" என்றாள் லில்லிபாய். தக்கலையில் வண்டி நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை, மகள் குடை பிடித்துப் போய் மூன்று ரசவடையும் டீயும் வாங்கி வந்தாள். வடை ரசத்தில் ஊறி வாயில் கரைந்தது, மிளகும் பெருங்காயமும் மூக்கில் ஏறியது, எத்தனை பயத்திலும் நாக்குக்கு ஒரு தனி உத்தியோகம் இருக்கிறது, அது தன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது. லில்லிபாய் தன் வடையில் பாதியைப் பிய்த்து அவர் கிண்ணத்தில் போட்டாள், கேட்காமலே, நாற்பத்தைந்து வருஷமாக இந்தப் பாதி வந்துகொண்டிருக்கிறது, இதற்கு ஒரு பட்டியல் போட்டதுண்டா? அநியாயங்களுக்கு நம்பர் இருக்கிறது, வடைக்கு இல்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் அவளை உட்காரவைத்து ஒன்றும் இரண்டும் சொன்னார்; அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் கெளங்கு விக்கவருக்கு அடி பட்டுதா?" என்று கேட்டாள். பட்டது என்றார். "பாவம்" என்றாள். எழுத்தைத் திருடியவனுக்குப் பாவமா என்று அன்றைக்குக் கோபம் வந்தது. அவளிடம் மூச்சுக் கணக்கைச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்ல எழுந்தேன், அதற்குள் அவன் முந்திக்கொண்டான் என்றுதான் எல்லாரிடமும். எழுந்தேனா. ஐந்தாவது மூச்சில் எழுந்திருப்பேன். ஆறாவதில்.

திருவட்டாருக்கு அப்பால் ரப்பர் தொடங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் மலைச்சரிவில் வரிசை பிசகாமல் ஏறிப் போயின, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு சிரட்டை, மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை, காரின் கண்ணாடியை மகள் கொஞ்சம் இறக்க ரப்பர் ஷீட் காயவைத்திருக்கிற புளித்த வாடை உள்ளே வந்தது, லில்லிபாய் மூக்கைப் பொத்தினாள், அவருக்குப் பிடிக்கும் அந்த வாடை. எவ்வளவு அழகான மண்ணுக்குத்தான் அடிபட்டோம் என்று நினைத்தார். நான் அடிபடவில்லை. நாற்பத்தொரு நாள் லாக்கப்பிலும் ஜெயிலிலும் என்மேல் ஒரு அடி விழவில்லை. தவசிமுத்து கிழிந்த வேட்டித் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, இடது கையால் ஜெயில் கஞ்சிக்கு உப்புப் பார்த்து, எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான், அந்தப் பதினேழு வயசுப் பையன் மட்டும் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தான், ஏழாம் நாள் பொறுக்காமல் போய்க் கேட்டான், எதுக்குச் சொன்னீரு, உம்மகிட்ட யாரு கேட்டா? தவசி கிண்டுவதை நிறுத்தவில்லை. "நீ எளுதுக கை. எனக்குக் கெளங்கு கிண்டுக கை, அதுக்கு இன்னொண்ணு இருக்குல்லா மக்கா." அதைத்தான் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருக்கலாம், எனக்காகச் செய்தேன் என்று ஒரு தடவை பீற்றியிருந்தால் தாங்கியிருக்கலாம். இப்படி உப்புப் பார்க்கிற மாதிரிச் சொன்னால் ஒருத்தன் எங்கே போய் நிற்பது? விடுதலையாகி வந்ததும் கோட்டாற்றில் ஒரு அச்சகத்தில் அசல் அச்சு நோட்டீஸ் போட்டார்கள், சிறை மீண்ட சிங்கங்கள் என்று, எழுதியது அவன்தான், எழுத்துக் கோர்க்கிறவர் பதினாறு பெயரும் கோர்த்துவிட்டுக் கேட்டார், பதினேழு பேர்னுல்லா சொன்னீரு, கடைசிப் பேரு? சரித்திரத்தில் கண்டிப்பு வேண்டும் என்று பையன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அவன் போராளி அல்ல, பிடிபட்டவன், எல்லாரையும் சேர்த்தால் பட்டியலுக்கு என்ன மதிப்பு. அச்சகத்தில் மண்ணெண்ணெய் நாற்றம். வெளியே பனை நுங்கு விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள். மற்றும் ஒருவர்னு போடும், என்றான்.

மற்றும் ஒருவர். மற்றும் பலர். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவருடைய பல் ஒன்றோடொன்று மோதியது. போன வாரம் அழைப்பிதழைக் கிழித்து எறிந்தபோது லில்லிபாய் பொறுக்கி ஒட்டினாள். அந்த ஆறாம் நம்பரைச் செய்தவன் எவனோ ஒரு சின்னப்பயல், கமிட்டியில் செயலாளர், இடம் போதவில்லை என்று சொல்லியிருப்பான், பட்டியலுக்கு மதிப்பு வேண்டும் என்று சொல்லியிருப்பான், அந்தப் பயலை மனசுக்குள் நேற்று வரைக்கும் கண்டம் துண்டமாக வெட்டினார், இப்போது அவன் முகத்தைப் பார்க்க முயன்றால் அதில் பதினேழு வயசு மீசை அரும்பியிருந்தது. "மக்களே, கொஞ்சம் மெதுவாப் போ." "மெதுவாத்தானப்பா போறேன்." "இன்னும் மெதுவா." குலசேகரம் வந்துவிட்டது, தாண்டியும்விட்டது, இடப்பக்கம் சானல் நிறையத் தண்ணீர், கோதையாற்று வெள்ளம், செம்மண் கலந்து, அவசரமே இல்லாமல். மேலே மலையில் மேகம் கிழிந்து ஒரு துண்டுப் பச்சை வெயில்பட்டுத் தெரிந்தது. "இஞ்ச பாருங்க," என்று லில்லிபாய் தோளைத் தட்டினாள், "என்ன அழகுன்னு பாருங்க. இதுக்காகவாவது கொஞ்ச நேரம் உள்ளூர இல்லாம வெளிய இருங்க." பார்த்தார். அழகுதான். அந்த அழகுக்குக் கீழே பனையோலைத் தட்டி மறைப்பும் ஓடும் போட்ட ஒரு கடை, புகை, வாசலில் ஒரு அரசு பஸ், நாலைந்து சைக்கிள்.

தவசிமுத்து கல்லாவில் இல்லை, அடுப்படி வாசலில் ஒரு ஸ்டூலில் இருந்தான், எழுபத்தெட்டு வயசு, உடம்பு வற்றியிருந்தது, வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்காமல் விறைத்து நின்றன. "வாரும் வே எளுத்துக்காரரே," என்றான், எழுந்திருக்காமலே, நேற்றுப் பிரிந்தவன் மாதிரி. "கெளங்கு ஆறிப்போய் அம்பத்திரண்டு வருசமாச்சு. சூடாக்கவா, அப்பிடியே தின்னுகீரா?" பஸ் கண்டக்டரும் டிரைவரும் சிரித்தார்கள், ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள், லில்லிபாய் வெட்கமில்லாமல் சத்தமாகச் சிரித்தாள். ஞானாபரணம் உட்கார்ந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஏழெட்டு வாக்கியம் அடித்து அடித்து எழுதியது ஒன்றும் நினைவில் இல்லை. இலை வந்தது. மயக்கின மரச்சீனி, தேங்காயும் காந்தாரி மிளகும் சதைத்துச் சேர்த்துப் பச்சை எண்ணெய் ஊற்றியது, அயிலை மீன் குழம்பு, குடம்புளிக் கறுப்பு, சம்பா அரிசிச் சோறு, எரிசேரி, அவியல், இஞ்சிப் பச்சடி. தவசி தானே எழுந்து வந்து கிழங்கு வைத்தான், கரண்டியைப் பிடித்த கையில் அந்த இரண்டு விரல் மட்டும் தனியே நீண்டு அவரைச் சுட்டின. சுட்டவில்லை, அவற்றுக்கு மடங்கத் தெரியாது, அவ்வளவுதான். முதல் கவளம் வாயில் போனது. ஜெயிலில் அவன் உப்புப் பார்த்த கஞ்சியின் ருசி, அதே கைப்பக்குவம், எங்கே இருந்தது இத்தனை நாள். கண்ணில் நீர் வந்தது. "காந்தாரி எரிக்கோ?" என்றான் தவசி. "கொஞ்சம்." "வெள்ளம் குடியும்." இடுப்பில் கைவைத்து நின்று அவர் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான், சமைக்கிறவர்களுக்கே உரிய வெட்கம்கெட்ட பிரியத்தோடு. இவன் என்னிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால் தப்பித்துவிடலாம்.

பாயசத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுத்துப் பழுப்பேறிய ஒரு தாள். ஐந்தாம் நம்பரில் எடைக்குப் போய்விட்டது என்று நினைத்திருந்த தாள். "நவம்பர் ஒண்ணுன்னா இஞ்ச ஒரு மொறை உண்டு," என்று கண்டக்டர் விளக்கினார், "நோட்டீஸை யாராவது ஒரு ஆளு வாசிக்கணும். வாசிச்சாத்தான் அடப்பிரதமன். கடைசில 'மற்றும் ஒருவர்'னு வரும்போ பெரியப்பா அகப்பையத் தூக்கி 'உண்டு'ம்பாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைய மாதிரி. நாங்க விடமாட்டோம். அந்த ஒருவர் நீரு இல்ல, எங்க அப்பனப் பெத்த பாட்டாவாக்கும்னு சொல்லுவேன் நான். நீருன்னதுக்கு என்ன சாட்சி?" "எளுதினவன் வந்து சொல்லட்டும்னு நானும் இருவது வருசமா சொல்லுகேன்," என்றான் தவசி. பிறகு ஞானாபரணத்தைப் பார்த்து ஒரு கண்ணைச் சுருக்கினான். "மொத நோட்டீசு நான் எளுதினது, அதுக்கு அச்சு வேற இந்தா கையில கிடக்கு. ரெண்டாவது இவரு எளுதினது. எது நல்லாருக்குன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள், யாருக்கும் விஷயம் தெரியாது, தமிழ்க்கொடிக்குத் தெரியாது, லில்லிபாய் மட்டும் சிரிக்கவில்லை, அந்த விரல்களைப் பார்த்தாள், கணவனின் கைகளைப் பார்த்தாள், அவை கக்கத்தில் இருந்தன, நாற்பத்தைந்து வருஷம் அவள் கண்ணெதிரே இருந்த ஒன்றை இப்போதுதான் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். "அப்பா வாசிப்பாங்க" என்று மகள் சட்டத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

எழுந்து நின்றார். முழங்கால் இந்தத் தடவை சொன்னதைக் கேட்டது. கையைக் கக்கத்திலிருந்து எடுத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மேடைக்குரல் வரும் என்று நினைத்தார், வரவில்லை, வீட்டுக்குரல்தான் வந்தது. "சிறை மீண்ட சிங்கங்கள். அன்பார்ந்த தமிழ் மக்களே, நாற்பத்தொரு நாள் இருளைக் கிழித்து" என்று தொடங்கி, அந்தச் சிறுவனின் அடுக்குத்தொடர்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், வெட்கப்படாமல் வாசித்தார், ஒன்று, மாறாங்கோணம் சாமுவேல், இரண்டு, ஆற்றூர் குமரப்பன், ஒவ்வொரு பெயரும் செத்துப்போன ஒரு முகம், ஒன்பதாவது அவருடைய பெயர், அதை வேகமாகக் கடந்தார், பதினைந்து, பதினாறு, அடுப்பில் பிரதமன் தளபுளவென்று கொதிக்கிற சத்தம் மட்டும், தவசி அகப்பையைத் தூக்கத் தயாராகப் பிடித்திருந்தான். மற்றும், என்று அச்சில் இருந்தது. ஒரு மூச்சு. ஐந்தாவது மூச்சிலும் எழுந்திருக்க மாட்டேன், ஆறாவதிலும் மாட்டேன், அன்றைக்கு நூறு மூச்சு கொடுத்திருந்தாலும் நான் எழுந்திருக்கப் போவதில்லை. இரண்டு. அதைச் சொல்லிக்கொண்டதும் நெஞ்சில் எதுவும் இடியவில்லை, ஆச்சரியம்தான், ரசவடையின் மிளகுவாசனை மட்டும் எங்கிருந்தோ ஏறி வந்தது. "அச்சுல ஒரு தப்பு இருக்கு," என்றார். "தப்பு அச்சகத்துக்காரர் செய்தது இல்ல. எழுதின பையன் நானாக்கும். அவன் மொத நோட்டீசும் எழுதினான், கேட்டப்போ எந்திரிக்கல்ல. அவனுக்காக இன்னொருத்தர் எந்திரிச்சு, கரிக்கையை நீட்டினாரு. நீங்க எல்லாரும் சாட்சி, கண்டக்டர் நீரும் சாட்சி, லில்லி, நீயும்." சட்டத்தை மார்போடு சேர்த்துக்கொண்டார், அதைப் பார்க்காமலே வாசித்தார். "பதினேழு. மாங்கோடு அணைஞ்சபெருமாள் மகன் தவசிமுத்து."